கடல் குற்றவாளியா?

காசிமேட்டிலும், அதற்கு வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் கரையிலும் கடல் நிலத்தைத் தின்றிருக்கிறது. வீடுகள் போயின, தெருக்கள் போயின, வலை உலர்த்திய மணல்வெளி போயிற்று. இதை மறுப்பார் எவருமிலர். ஏன் போயின என்று கேட்டால்தான் விடை பலவாகிறது. கடலன்னையின் கோபம் என்பர் சிலர். புயலின் சீற்றம் என்பர் சிலர். இயற்கையின் நியதி என்று கைவிரிப்பர் வேறு சிலர். மூன்றும் காரணம் போல் ஒலிக்கின்றன. காரணந்தாமா? அளந்து பார்க்க நம்மிடம் கோல் உண்டா?

உண்டு, தோழர்களே! சாத்தனாரின் மணிமேகலையில், காஞ்சி மாநகரில், மாதவி மகளுக்கு அறவண அடிகள் அளவை நூல் கற்பிக்கிறார். பௌத்தம் பரப்ப எழுந்த காப்பியம் அது. அதன் சமயம் நமக்கு வேண்டுவதில்லை. அதன் முறை வேண்டும். நிறுவ வேண்டிய கூற்று பக்கம். அதை நிறுவும் காரணம் ஏது. இரண்டையும் பிணைக்கும் சான்று திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. மலையில் நெருப்புண்டு என்பது பக்கம், புகை எழுவதால் என்பது ஏது, அடுக்களை எடுத்துக்காட்டு. நெருப்பில்லாத நீரில் புகையுமில்லை என்பது எதிர்மறை எடுத்துக்காட்டு. ஆகவே, ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று ஆராயுமுன், வாதத்தில் அது வகிக்கும் இடம் எது என்று கேட்டல் வேண்டும்.

அக்கோலால் அளப்போம். கடலன்னை கோபங்கொண்டாள் என்பதற்குச் சான்று யாது? கரை போனது. கரை ஏன் போனது? கோபத்தால்! நிறுவ வந்ததிடமே கடன் வாங்குகிறது இந்த ஏது. எதிர்வாதி ஏற்காத இத்தகைய ஏதுவை அசித்தம் என்று ஒதுக்குகிறது அந்நூல்.

புயல் பொய்யன்று. ஓரிரவில் ஒரு வீடு இடிந்ததற்கு அது காரணமாகலாம். ஆனால், அதே வங்கக் கடலின் அதே புயல் துறைமுகத்திற்குத் தெற்கே மெரினாவிலும் மோதுகிறது. அங்கே கரை தேயவில்லை, வளர்ந்திருக்கிறது! தேய்ந்த இடத்திலும் தேயாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது எதை நிறுவும்? அநைகாந்திகம் என்பது அதன் பெயர்.

இயற்கை நியதி என்பதோ ஏதுவே அன்று. மனிதன் கை இதில் இல்லை என்னும் முடிவு, ஏதுவின் வேடம் புனைந்து வந்து நிற்கிறது. நிறுவப்பட வேண்டியதே அதுதானே!

வரலாறு என்ன சொல்கிறது? 1876இல் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. 1881இல் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில திங்களில் மட்டுமே திசை மாறுகிறது. கடலுள் நீண்ட சுவர் அம்மணலை மறித்தது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்ட தென்கரையில் மணல் குவிந்தது. வடக்கே மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது.

இப்போது வாதம் முழுமை பெறுகிறது. பக்கம்: வடகரைத் தேய்வுக்குச் சுவர் காரணம். ஏது: மணலோட்டத்தை அது மறித்தமையால். எடுத்துக்காட்டு: 1980களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் எழுந்தபின் அதற்கு வடக்கே தேய்ந்த புதுச்சேரிக் கரை. எதிர்மறை: மணல் தடைப்படாத மெரினா.

இம்முறை நமக்கு இனியவற்றையும் விட்டுவைக்காது. 1984 முதல் இயங்கும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் சுவர்களும், கரைகாக்கக் கட்டிய குறுக்குக் கற்சுவர்களும் தேய்வை மேலும் வடக்கே தள்ள வல்லவை. ஏழைக்கு உதவும் கல்லாயிற்றே என்று மணல் வழிவிடுவதில்லை.

காரணம் கோபமானால் பரிகாரம் பூசை. புயலானால் ஒரு பை அரிசி. நியதியானால் மௌனம். சுவரானாலோ, தெற்கே தேங்கிய மணலை வடக்கே சேர்ப்பிக்கும் கடமை சுவர் எழுப்பியோர்க்கு உண்டு. வீடிழந்த மீனவர் அப்போது இரந்து நிற்பவரல்லர். உரிமை கேட்டு வழக்குரைப்பவர்.

இளைஞர்களே, மேடையில் முழங்கும் ஒவ்வொரு கூற்றையும் நிறுத்திக் கேளுங்கள்: நீ பக்கமா, ஏதுவா, எடுத்துக்காட்டா? விடை வரும்வரை கைதட்டலை ஒத்திவையுங்கள்.