ஓர் அரசு, இரு சட்டங்கள்

கருத்துச் சுதந்திரம் பற்றி ஐரோப்பா பேசும்போதெல்லாம், அது அங்கே என்றென்றும் எல்லையற்று நிலவியது போன்ற தோற்றம் எழுகிறது. இங்கிலாந்தின் சட்ட வரலாற்றைப் புரட்டினால் இத்தோற்றம் கலைந்துவிடும். மத நிந்தனை அங்கே 2008 வரை தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. யாருடைய மதம் என்பதுதான் கேள்வி.

1838இல் யார்க் நகரில் நடைபெற்ற கேதர்கோல் வழக்கில் நீதிபதி ஆல்டர்சன் இதற்கு ஒளிவுமறைவின்றி விடையளித்தார். யூத மதத்தையோ இஸ்லாத்தையோ கிறிஸ்தவத்தின் பிற பிரிவுகளையோ தாக்கி எழுதலாம். நாட்டின் அரசு மதத்தைத் தாக்குவதே குற்றம் என்றார் அவர். கத்தோலிக்கரும் இந்த வேலிக்கு வெளியேதான் நின்றனர்.

இதே ஆங்கில அரசு இந்தியாவில் வேறொரு முகம் காட்டியது. மெக்காலேயின் வரைவிலிருந்து உருவாகி 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 15ஆம் அத்தியாயம், எல்லா மதத்தாரின் வழிபாட்டுத் தலங்களையும் உணர்வுகளையும் ஒருங்கே காத்தது. 1924இல் லாகூரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் நூலொன்று வெளியாயிற்று. அன்றிருந்த சட்டப்பிரிவு அதற்குப் பொருந்தாது எனக் கூறி, அதன் பதிப்பாளரை 1927இல் லாகூர் உயர்நீதிமன்றம் விடுவித்தது. முஸ்லிம்களின் கொந்தளிப்பைக் கண்ட அரசு அவ்வாண்டே 295-ஏ பிரிவைச் சேர்த்தது. (அப்பதிப்பாளர் 1929இல் கொல்லப்பட்டார். சட்டம் வந்த பின்னரும் கத்தியை நாடிய அச்செயலை நாம் நியாயப்படுத்த இயலாது.) அப்பிரிவு எந்த மதத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. 2024 ஜூலையில் பழைய சட்டம் விலகியபோதும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக அது தொடர்கிறது.

இதனைத் தாராள மனம் என்று நாம் கருதவில்லை. பல மதத்தார் வாழும் நாட்டில் அமைதி குலைந்தால் ஆட்சியும் குலையும் என்ற கணக்கே அது. ஆனால் இங்கிலாந்தே பல மதத்தார் வாழும் நாடாக மாறியபோது அந்தக் கணக்கு நினைவுக்கு வரவில்லை.

ஈசா (அலை) அவர்களைப் பற்றிய ஆபாசக் கவிதையொன்றை வெளியிட்ட இதழாசிரியர் 1977இல் லண்டனில் தண்டிக்கப்பட்டார். 1979இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஸ்கார்மன் பிரபு மட்டும் இச்சட்டம் பிற மதத்தாரையும் காக்கும் வகையில் விரிவுபெற வேண்டும் என்று அப்போதே எழுதினார்.

சல்மான் ருஷ்டியின் நாவல் 1988இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் முஸ்லிம் ஒருவர் அதே சட்டத்தின்கீழ் அழைப்பாணை கோரினார். 1989 மார்ச்சில் லண்டன் நடுவர் மறுத்தார். 1990 ஏப்ரலில் உயர்நீதிமன்றமும் மறுத்தது. சட்டம் கிறிஸ்தவத்தை மட்டுமே காக்கிறது, அதனை விரிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்பது நீதிபதிகளின் நிலை. சட்ட நுணுக்கத்தில் இதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால், அந்த 1989ஆம் ஆண்டிலேயே அவிலா தெரசாவைப் பற்றிய குறும்படம் ஒன்றுக்கு மத நிந்தனை என்னும் காரணத்தால் பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. அம்மறுப்பை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996இல் ஏற்றுக்கொண்டது. கருத்துச் சுதந்திரம் என்ற வாதம் படத்துக்குச் செல்லவில்லை. நாவலுக்கு மட்டும் சென்றது.

பிராட்ஃபோர்டில் 1989 ஜனவரியில் அந்நூலை எரித்ததும், அடுத்த மாதம் ஈரானிலிருந்து வந்த மரண ஃபத்வாவும் இக்கேள்வியைப் புகைக்குள் மறைத்துவிட்டன. நியாயமான ஒரு வழக்கு கைவசம் இருந்தபோது அது தேவைதானா?

நம் பக்கத்தையும் பார்ப்போம். பிரிட்டிஷ் இந்தியா விட்டுச்சென்ற பொதுவான சட்டத்தோடு 1986இல் பாகிஸ்தான் 295-சி பிரிவை இணைத்தது. அது நபிகள் நாயகத்தை (ஸல்) மட்டுமே குறிக்கிறது. மரண தண்டனை வரை செல்கிறது. பிறர் வணங்கும் தெய்வங்களை ஏசாதீர்கள் என விலக்கும் சூரா அல்அன்ஆமின் 108ஆம் வசனத்தை ஓதும் நாம், ஆல்டர்சனின் வேலியை அங்கே காணும்போது மௌனம் காப்பது எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மத நிந்தனைச் சட்டம் 2008 ஜூலையில் நீங்கியது. ஸ்கார்மன் கேட்டவாறு அது விரிவடையவே இல்லை. ஒழிந்த நாள் வரையிலும் இஸ்லாம் அதன் வேலிக்கு வெளியிலேயே இருந்தது.