பள்ளிகளில் பால்வினை நோய்த் தடுப்புக் கல்வி

எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்களைத் தடுக்கும் முறைகளை வளரிளம் பருவத்தினருக்குப் பள்ளியிலேயே கற்பிக்கும் திட்டம். இந்நோய்களுள் மேகப்புண்ணும் வெட்டையும் பாக்டீரியாவால் வருபவை. உரிய மருந்தால் குணமாகும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. ஆகியவை வைரஸ்கள், பின்னிரண்டுக்கும் தடுப்பூசி உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சி இந்நோய்களைத் தடுக்கக் கட்டாயத்தையே நாடியது. படைவீரர்களைக் காக்கவென்று 1868இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழிலில் இருந்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, மருத்துவமனைகளில் அடைத்து வைத்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை அது தொடவே இல்லை. 1888இல் சட்டம் நீங்கியது, மனப்போக்கு நீங்கவில்லை.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடமிருந்து இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோது சிலருக்குத் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. அதன் பின்னும் சென்னையில் தொற்றுள்ள பெண்கள் தண்டனைக்காலம் முடிந்தும் காப்பகத்தில் அடைபட்டிருந்தனர். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் தொடுத்த பொதுநல வழக்கே அவர்களை மீட்டது.

அடைத்து வைப்பதை விட்டு அறிவூட்டத் தொடங்கியதே தமிழ்நாட்டின் உண்மையான சாதனை. நாட்டிலேயே முதலாவதாக 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இங்கு அமைந்தது. 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 9, 11ஆம் வகுப்புகள் அதன் முதன்மை இலக்கு. பண்பாடு கெடும் என்ற வீண் அச்சத்தால் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் 2007இல் அதை நிறுத்தின. இத்தகைய கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே பாலுறவுக்குத் தூண்டுவதில்லை என்பதை யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி தெளிவாக்கியுள்ளது.

2020 முதல் மத்திய அரசின் பள்ளி நலத் திட்டத்தில் எச்.ஐ.வி. தடுப்பும் ஒரு பாடம்.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கூனிமேடு போன்ற ஊர்களில் இப்பாடத்தைப் 11ஆம் வகுப்புக்குத் தள்ளிவைப்பது தவறு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி உப்பளத்துக்கோ கடலுக்கோ வெளியூருக்கோ வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் பாடம் கிடைக்கப்போவதில்லை. ஒன்பதிலேயே முழுமையாக, ஆண் பெண் இருபாலருக்கும் நடத்த வேண்டும். ஆசிரியர் கூச்சப்பட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டால் பிள்ளைகள் கைபேசியிடம்தான் கேட்பார்கள்.

தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுப்பதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். சந்தேகம் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.