மணம், துறவு, பொருள்: 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவத்தின் மூன்று நிலைகள்

முன்னுரை

வாழ்வை இல்லறம், துறவறம் என இருநெறியாகப் பகுத்துக் காண்பது தமிழ் அறமரபு. திருக்குறளின் அறத்துப்பாலில் இல்லறவியலும் துறவறவியலும் அடுத்தடுத்து அமைந்திருப்பது இதற்குத் தக்க சான்றாகும். ஐரோப்பியக் கிறித்தவம் தமிழகத்திற்கு வந்தபோது, இதே வினாவைத் தன்னுள் தீராத பூசலாகக் கொண்டிருந்தது. அப்பூசல் தமிழ் மண்ணில் எவ்வாறு உருமாறியது என்பதை வீரமாமுனிவர், சீகன்பால்கு, சுவார்ச்சு ஆகிய மூவரை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூசலின் வேர்

கொரிந்தியர்க்குப் பவுலடிகள் எழுதிய முதல் திருமுகத்தின் 7ஆம் அதிகாரமே இவ்விவாதத்தின் களம். மணமாகாதவர் மனம் பிளவுபடாமல் இறைப்பணியில் ஈடுபட இயலும் என்று கூறும் பவுல், மணத்தைக் குற்றமெனக் கொள்ளவில்லை. அவரவர் பெற்ற வரம் வேறு வேறு என்பதே அவர் கருத்து. அவ்வதிகாரத்திலேயே, மனைவியுடையோரும் பொருள் கொள்வோரும் அவற்றின்மேல் பற்றில்லாதவராய் வாழவேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். மணத்தையும் பொருளையும் அவர் ஒருசேர எண்ணியிருப்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பின்வந்தோர் மணம் பற்றியே மிகுதியும் வழக்காடினர். மார்ட்டின் லூத்தர் 1525இல், துறவு மடத்திலிருந்து வெளியேறிய காத்தரீனாவை மணந்தார். குருமார்க்குக் கட்டாயத் துறவு வேண்டா என்பது சீர்திருத்தத் திருச்சபையின் கொள்கையாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையோ, 1563இல் திரெந்துப் பொதுச்சங்கத்தின் வாயிலாக, மணவாழ்வு கன்னிமையினும் மேலானது என்போரைக் கண்டித்தது. இவ்விரு தரப்பாரும் 18ஆம் நூற்றாண்டில் காவிரிப்படுகையில் அண்டை அயலாராயினர்.

ஈரறம் பொருத்திய காப்பியம்

வீரமாமுனிவர் (1680–1747) ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய வாக்குறுதிகளை ஏற்ற இயேசு சபைத் துறவி. அவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவன் வளன் எனப்பெறும் சூசை. துறவியொருவர் தம் காப்பியத்திற்கு மணமானவன் ஒருவனைத் தலைவனாக்கியது ஏன் என்ற வினா எழுகிறது.

இதற்கு விடை காப்பிய அமைப்பிலேயே உள்ளது. இளமையில் துறவை நாடிய வளன், பின்னர் மரியை மணக்கிறான். இருவரும் கன்னிமை காத்தவாறே இல்லறம் நடத்துகின்றனர். திருமணப் படலத்தை அடுத்து ஆசிரியர் அமைத்த படலத்தின் பெயர் ‘ஈரறம் பொருத்து படலம்’. இரண்டு அறங்களையும் ஒன்றாக இணைத்தல் என்பது இதன் பொருள். தமிழ் மரபு வேறுபடுத்திய இரண்டும் ஒரு வீட்டினுள் பொருந்துகின்றன. கன்னிமையின் மேன்மையை வற்புறுத்தும் கத்தோலிக்கக் கோட்பாடு இதனால் கைவிடப்படவில்லை. எனினும், தூய்மைக்கு இல்லத்தை நீங்குதல் இன்றியமையாததன்று என்பது புலனாகிறது. தச்சுத் தொழிலால் வாழும் வளன், வறியவனாயினும் அறத்தில் குறையாதவன். ஆகவே இக்காப்பியத்தில் துறவு என்பது இடத்தைத் துறத்தலன்று. பற்றைத் துறத்தலே எனலாம்.

தரங்கம்பாடியின் இல்லறக் குருமார்

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, லூத்தரின் வழியினர். 1716இல் ஐரோப்பாவில் மரியா தொரொத்தேயா சால்ட்சுமன் என்பாரை மணந்து, அவருடன் தரங்கம்பாடிக்கு மீண்டார், 1719இல் மறைந்தார். 1733ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இச்சபையின் முதல் தமிழ்க் குரு. மணமானவர்க்கும் குருத்துவம் உண்டு என்னும் நெறியினால், மனைவி மக்களோடு வாழும் தமிழர் குருவாகும் வழி திறந்தது. மணம் பற்றிய கொள்கை வேறுபாடு ஏட்டளவில் நில்லாது, குருத்துவம் யார்க்கு உரியது என்பதையும் முடிவு செய்தது.

மணம் புரியாத லூத்தரியர்

1750இல் தமிழகம் வந்து 1798இல் தஞ்சையில் மறைந்த சுவார்ச்சு இறுதிவரை மணம் புரியவில்லை. அவர் சார்ந்த சபையோ துறவு வாக்குறுதியை வேண்டாதது. ஆகவே அவரது தனிவாழ்வு சட்டத்தின் பாற்பட்டதன்று. பணியின் பொருட்டு அவரே தேர்ந்துகொண்டது.

அவரது வாழ்வின் உரம் பொருள் வகையிலேயே பெரிதும் வெளிப்படுகிறது. சென்னை ஆளுநரின் தூதராக 1779இல் சீரங்கப்பட்டணம் சென்றபோது, ஐதர் அலி வழிச்செலவுக்கெனப் பணம் அளித்தார். அதனைச் சுவார்ச்சு சென்னை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். அரசு ஏற்க மறுத்தது. அத்தொகையைத் தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகளின் கல்விக்கு முதலாக்கினார். தஞ்சை அரசவையில் பெருமதிப்புப் பெற்று, இளவரசர் சரபோசியின் காப்பாளராகவும் விளங்கிய அவர், தம் உடைமையை மறைப்பணிக்கே விட்டுச் சென்றார்.

பொருளே உரைகல்

வீரமாமுனிவரின் வரலாற்றை 1822இல் எழுதிய முத்துசாமிப் பிள்ளை, அவர்தம் ஆடம்பர உடையையும் பல்லக்கையும் விரித்துரைக்கிறார். பிற்கால ஆய்வாளர் சிலர் இச்செய்திகளை ஐயுற்றனர். அச்செய்திகள் மெய்யோ புனைவோ, ஒருவர் மணமற்றவர் என்ற அளவில் துறவியாகிவிடுவாரா என்னும் வினாவை அவை எழுப்புகின்றன. சுவார்ச்சின் பெருமையும் அவர் மணம் புரியாமையால் மட்டும் அமைந்ததன்று. கைக்கு வந்த பணத்தைத் தமக்கெனக் கொள்ளாமையால் அமைந்தது.

முடிவுரை

மணம் பற்றி எதிரெதிர் நின்ற இரு சபைகளும் பொருட்பற்று நீக்கம் பற்றி ஒத்த கருத்துடையன. கன்னிமை காத்த வளனும், மனைவியோடு பணியாற்றிய சீகன்பால்கும், தனித்து வாழ்ந்த சுவார்ச்சும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கவர் என்பது இதனால் பெறப்படும். கிறித்தவத் தமிழ் இலக்கியத்தைச் சபை வேறுபாட்டின் அடிப்படையில் மட்டும் பகுத்துக் காணும் போக்கு இவ்வொற்றுமையை மறைத்துவிடுகிறது. துறவும் ஈகையும் பற்றிய தமிழ் அறச்சிந்தனையின் தொடர்ச்சியாக அதனைப் பயிலும்போதே, பவுல் ஒருசேர எண்ணிய மணமும் பொருளும் மீண்டும் ஒருங்கே காணப்பெறும்.