நிஃபாஸ் நாட்களும் பக்கவாதமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

பக்கவாதத்தை முதுமையின் நோய் என்றே நாம் அறிந்திருக்கிறோம். அரபு மருத்துவ நூல்கள் அதனை ஃபாலிஜ் என்றன. மூளையின் வழிகள் அடைபட்டு உணர்வும் அசைவும் ஒருசேர நின்றுபோகும் நிலையை ஸக்தா என்று குறித்து, அதன் காரணங்களை இப்னு ஸீனா (மறைவு 1037) தமது அல்கானூனில் ஆராய்ந்தார். ஆனால், இளந்தாய்மாரையும் தாக்கும் ஒருவகைப் பக்கவாதம் மருத்துவ ஏட்டில் இடம்பெற மேலும் எட்டு நூற்றாண்டுகள் ஆயின. நல்லபடியாகப் பிள்ளை பெற்று இரண்டு வாரமே ஆன 24 வயதுப் பெண் ஒருவர் ஓயாத வலிப்பினால் இறந்ததை, 1828-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் அபெர்குரோம்பி பதிவு செய்தார். மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரைகள் உறைந்து அடைபட்டிருந்தன.

இதன் காரணம் வியப்புக்குரியது. பிரசவத்தில் தாய் அளவுக்கு மீறி இரத்தம் இழந்துவிடாதிருக்க, அவளது இரத்தம் விரைந்து உறையும் தன்மையைப் பெறுகிறது. அல்லாஹ் அமைத்த காவல் அது. உடலில் நீர் வற்றினாலோ, கிருமித்தொற்று நேர்ந்தாலோ, இரத்தசோகை இருந்தாலோ அந்தக் காவலே ஆபத்தாக மாறக்கூடும். இரத்தம் உறையும் ஆபத்து முதல் ஆறு வாரங்களில் மிகுதி என்றும், பன்னிரண்டு வாரம் வரை ஓரளவு நீடிக்கும் என்றும் 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகிறது. நிஃபாஸுக்கு ஹனஃபி மத்ஹப் 40 நாட்களையும் ஷாஃபிஈ மத்ஹப் 60 நாட்களையும் மேல் எல்லையாக வகுத்துள்ளன. ஆகவே நாம் தாயைத் தனியே வைத்துப் பேணும் நாட்களே மிகுந்த கவனத்துக்குரிய நாட்களுமாகும்.

இந்தியாவில் இந்நோய் அரிதன்று. கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை இரத்தக்குழாய்கள் அடைபட்ட 135 பேரைப் பற்றிய ஆய்வை 1983-இல் நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் வெளியிட்டார். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கத்தையும் இந்நாட்டு மருத்துவர்கள் ஒரு காரணமாகச் சுட்டியுள்ளனர். "பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்ற பேச்சு நம் ஊர்களில் இன்றும் கேட்கிறது. இதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை. மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனையுற்றபோது, இறைவன் அவர்களின் கீழே நீரோடையை ஏற்படுத்தி, கனியை உண்ணவும் நீரைப் பருகவும் கட்டளையிட்டதைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. இதை ஓதும் வீட்டில் பிள்ளை பெற்றவளைத் தாகத்துடன் கிடத்தலாமா?

வேறொரு வாயிலும் உண்டு. ரமளானில் நோன்பு விடுபடாதிருக்கவும், ஹஜ் பயணத்தின்போதும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரைகளைச் சிலர் தாமாகவே வாங்கி உண்கின்றனர். ரமளானில் இந்த மூளைச்சிரை அடைப்பு கூடுவதை ஈரானின் இஸ்ஃபஹான் நகர மருத்துவர்கள் பதிவு செய்து, இத்தகைய மாத்திரைகளை நோன்புக்கால நீர்க்குறைவுடன் சேர்த்து எச்சரித்துள்ளனர். மாதவிடாய் நாட்களில் விடுபட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்ய ஷரீஅத் இடம் தந்திருக்கிறது. அந்தச் சலுகை இருக்க, மருத்துவரைக் கேளாமல் மாத்திரை உண்பது ஏன்?

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. 1991-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் 20 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் பெற்ற பத்துப் பேரில் எண்மர் முழுமையாகக் குணமடைந்தனர், எவரும் இறக்கவில்லை. அம்மருந்து பெறாத பத்துப் பேரில் மூவர் இறந்தனர். ஒருவரே முழுமையாகக் குணமடைந்தார்.

நம் மாவட்டத்துக்கு இவ்வரலாற்றில் ஒரு பெருமையுண்டு. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, எதிர்ப்புகளுக்கிடையே மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானின் ஆதரவால் மன்னர் கல்லூரியில் பயின்று, 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண் மருத்துவரை நாடும் நம் குடும்பங்கள் அவ்வழி திறந்தவர்களுள் ஒருவராக அவரை நினைவுகூர வேண்டும். 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் இங்கு வந்துவிட்டது. இன்று வழி இருக்கிறது, தாமதிப்பதே ஆபத்து.

பிள்ளை பெற்றவளுக்கு நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், நினைவு தடுமாற்றம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் ஜின் தீண்டல், கண்ணேறு என்று முடிவுகட்டிக் காலம் கடத்தலாகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பிரசவமாகி எத்தனை நாள் என்பதையும் மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். ஓதிப்பார்க்க விரும்புவோர் மருத்துவமனைக்குச் செல்லும் வண்டியிலேயே ஓதலாம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நம் நபி (ஸல்) அவர்களே.

அல்லாஹ் நம் தாய்மாருக்கும் பெண்மக்களுக்கும் நிறைவான ஆஃபியத்தை அருள்வானாக. ஆமீன்.