சோழர் படை: அரசன் விழுந்த பிறகும் நின்றது எப்படி?

சோழர் படை என்றதும் பலருக்கு வந்தியத்தேவனும் அவன் குதிரையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் குதிரையில் வந்த ஒரு வீரனால் மட்டும் ஒரு பேரரசு நிற்காது. யார் படையில் சேர்ந்தார்கள், எப்படிச் சேர்த்தார்கள், போர்க்களத்தில் எப்படி நின்றார்கள் என்பதற்குக் கல்வெட்டுகளில் நிறையவே தடயங்கள் இருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள நூறு வருட இடைவெளியில் நடந்த இரண்டு போர்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

முதல் போர்: தக்கோலம், 949

அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு சோழர்கள் மோதினார்கள். சோழப் படைக்குத் தலைமை தாங்கியவன் முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தன், பட்டத்து இளவரசன். வடக்கிலிருந்து ஆபத்து வரும் என்று தெரிந்து, திருமுனைப்பாடி நாட்டில் பல ஆண்டுகள் படையோடு தங்கிக் காத்திருந்தவன். வெள்ளங்குமரன் என்ற கேரளத் தளபதியும் அவனோடு இருந்தான்.

அன்றைய போர்முறைப்படி தலைவன் யானைமேல் அமர்ந்திருப்பான். தன் படை முழுவதற்கும் அவன் தெரிவான், அது தைரியம் தரும். ஆனால் எதிரிக்கும் அவன் நன்றாகவே தெரிவான்! கங்க மன்னன் பூதுகன் இராஜாதித்தனை யானைமேலேயே கொன்றான். அதோடு சோழர் படை உடைந்தது. தொண்டை மண்டலம் கையைவிட்டுப் போனது, அதை மீட்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இராஜாதித்தனுக்குக் கல்வெட்டுகளில் நிலைத்த பெயர் "ஆனைமேல் துஞ்சின தேவர்".

இதில் இன்னொரு மனிதனின் கதையும் உண்டு. கேரளத்திலிருந்து வந்து இராஜாதித்தனுக்கு நெருக்கமாக இருந்த ஒருவன், தலைவனோடு சேர்ந்து சாக முடியாமல் போனான். அந்த வேதனையில் கங்கைக்குப் போய் நீராடி, துறவியாகி, கடைசியில் திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு மடத்தலைவராக வாழ்ந்தார். அவருடைய கதையைச் சொல்வது திருவொற்றியூர்க் கல்வெட்டு. அன்றைய வீரனின் விசுவாசம் நாட்டின் மேல் அல்ல, ஒரு தனி மனிதன் மேல் இருந்தது. அந்த மனிதன் விழுந்தால் எல்லாமே விழும். தக்கோலத்தில் நடந்தது அதுதான்.

"தெரிந்த" படைகள்

அடுத்த அறுபது ஆண்டுகளில் காட்சி மாறுகிறது. இராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. மும்முடிச்சோழ தெரிந்த பரிவாரத்தார், பண்டிதசோழ தெரிந்த வில்லிகள், நிகரிலிசோழ தெரிந்த உடனிலைக் குதிரைச் சேவகர், மும்முடிச்சோழ தெரிந்த ஆனைப்பாகர், க்ஷத்ரியசிகாமணி தெரிந்த வலங்கை வேளைக்காரர் என்று பட்டியல் நீள்கிறது. சோழர் கல்வெட்டுகள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் எழுபது படைப்பிரிவுகளின் பெயர்கள் கிடைப்பதாக வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி எழுதினார்.

இந்தப் பெயர்களில் வரும் "தெரிந்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். தெரிந்தெடுத்த, அதாவது பொறுக்கி எடுத்த ஆட்கள் என்று பொருள். பெயரின் முதல் பாதி பெரும்பாலும் அரசனின் பட்டம். பின்பாதி அவர்கள் செய்யும் வேலையையோ, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையோ சொல்லும். வில், குதிரை, யானை என்று தனித்தனிப் பிரிவுகள். வலங்கை, இடங்கை என்று சமூகக் குழுக்களிலிருந்து திரட்டியவை. "தெரிந்த கைக்கோளர்" என்ற பெயரிலும் படைகள் இருந்தன. பிற்காலத்தில் கைக்கோளர் என்றால் நெசவாளர். "சிறுதனத்து வடுகக் காவலர்" என்ற பெயர், தெலுங்கு பேசும் நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்ததைக் காட்டுகிறது.

இந்தப் பிரிவுகள் போர் முடிந்ததும் கலைந்துபோகும் கூட்டமும் அல்ல. குழுவாகச் சேர்ந்து கோயில்களுக்குத் தானம் கொடுத்திருக்கிறார்கள், அறக்கட்டளைகளைப் பொறுப்பேற்று நடத்தியிருக்கிறார்கள். போரில் இறந்தவன் குடும்பத்துக்கு "உதிரப்பட்டி" என்ற பெயரில் நிலம் விடும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. இன்றைய வணிகவியல் மொழியில் சொன்னால், தனியாள் நம்பிக்கையில் ஓடிய தொழில் ஒரு நிறுவனமாக மாறிவிட்டது. கும்பகோணம் பக்கம் பழையாறையைச் சுற்றி ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர் என்று ஊர்கள் இன்றும் இருக்கின்றன. சோழர் படைகள் தங்கிய இடங்கள் என்பது அந்தப் பகுதியில் வழங்கி வரும் செய்தி.

இரண்டாம் போர்: கொப்பம், 1054

எதிரில் சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன் சோமேசுவரன். சோழப் படையின் தலைமை முதலாம் இராஜாதிராஜனிடம். மீண்டும் அதே யானை, அதே குறி. இராஜாதிராஜன் யானைமேலேயே கொல்லப்பட்டான். சோழப் படை சிதறத் தொடங்கியது.

ஆனால் இந்த முறை கதை அங்கே முடியவில்லை. அரசனின் தம்பி இரண்டாம் இராஜேந்திரன் களத்துக்குள் தன் யானையைச் செலுத்தினான். அவன் யானையின் நெற்றியிலும், அவனுடைய தொடையிலும் தோளிலும் அம்புகள் தைத்ததாகவும், அவனோடு யானைமேல் இருந்த வீரர்கள் பலர் விழுந்ததாகவும் அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. அப்படியும் படை அவன் பின்னால் திரண்டது. சாளுக்கியன் பின்வாங்கினான். போர்க்களத்திலேயே இராஜேந்திரன் முடிசூட்டிக்கொண்டான்.

காரணம் அவனுடைய வீரம் மட்டுமா? அரசன் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவனை ஆட்சியில் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தைச் சோழர்கள் உறுதியாக வைத்திருந்தார்கள். இராஜாதிராஜனே 1018 முதல் தந்தையோடு சேர்ந்து ஆண்டவன்தான். அதனால் கொப்பத்தில் அடுத்த தலைவன் யார் என்ற குழப்பம் இல்லை. அவன் பின்னால் திரள்வதற்குப் பழக்கப்பட்ட படைப்பிரிவுகளும் இருந்தன. தக்கோலத்தில் இல்லாத இரண்டும் இங்கே இருந்தன.

மறுபக்கம்

இந்தப் படையைப் புகழும்போது, அது யார் ஊருக்குள் நுழைந்தது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். கர்நாடகத்தின் ஹொட்டூரில் 1007-ஐ ஒட்டிய சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று, சோழர்கள் ஒன்பது லட்சம் வீரர்களோடு வந்து நாட்டைச் சூறையாடினார்கள், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள் என்கிறது. எதிரி எழுதியது, எண்ணிக்கையும் மிகை. ஆனாலும் ஒன்றுமே நடக்காமல் ஒருவன் இப்படிக் கல்லில் வெட்டியிருக்க மாட்டான்.

விசுவாசமும் எப்போதும் விலைக்குக் கிடைக்கவில்லை. இலங்கையிலிருந்து 1070-ல் சோழர்களை விரட்டிய விஜயபாகுவின் படையிலும் வேளைக்காரர்கள் இருந்தார்கள். பிறகு சோழ நாட்டின் மேலேயே படையெடுக்க அவன் ஆணையிட்டபோது, அவர்கள் போக மறுத்துக் கலகம் செய்து அரண்மனையைக் கொளுத்தினார்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. கலகம் கடுமையாக அடக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் படையை விட்டுவிட முடியவில்லை. பிற்பாடு பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல் இருந்த ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்று, வேளைக்காரர்களே தமிழில் கல்வெட்டு பொறித்தார்கள்.

கொப்பத்தில் முடிசூடிய அதே இரண்டாம் இராஜேந்திரனின் செப்பேடுகள் 2010-ல் மயிலாடுதுறையை அடுத்த கழுக்காணிமுட்டத்தில் கிடைத்தன. திருஇந்தளூர்ச் செப்பேடுகள் என்று அவற்றுக்குப் பெயர். அவை பேசுவது பெரும்பாலும் நிலதானம். வாளெடுத்து வென்ற அரசனும் கடைசியில் உட்கார்ந்து எழுதியது எந்த நிலம், யாருக்கு, எவ்வளவு என்ற கணக்கைத்தான். காவிரிக்கரையில் விளைந்த நெல்லும் அதைப் பிசகாமல் எழுதிவைத்த கணக்கும் இல்லையென்றால், அத்தனை "தெரிந்த" படைகளும் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.