கொடுவாக் குஞ்சும் மேல்விஷாரமும்



போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். மணக்குடிக் காயல் பக்கம் கொடுவா வளர்க்கிறான். "சார், வாங்கி விட்ட குஞ்சு எல்லாம் பம்பரம் மாதிரி சுத்திச் சுத்திச் சாவுது" என்றான். நாலு நாளில் தொட்டி காலி. சோதித்தவர்கள் வைரஸ் என்றார்களாம். "தண்ணியில என்ன தப்பு பண்ணினேன் சார்?" என்று கேட்டபோது அவன் குரல் உடைந்துவிட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொடுவாயைப் பொரிப்பகத்தில் பொரிக்க வைக்கும் வித்தை 1970களில் தாய்லாந்தில் கைகூடியது. நம் நாட்டில் அதைச் செய்து காட்டியது சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997இல். ஆனால் அதற்கு முன்பே, 1980களின் கடைசியில், ஆஸ்திரேலியப் பொரிப்பகங்களில் கொடுவாக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் செத்திருக்கின்றன. ஜப்பானில் ஒருவகைப் பாரைமீன் குஞ்சுக்கும் அதே கதி. அந்தக் குஞ்சுகளிலிருந்து 1992இல் வைரஸைப் பிரித்தெடுத்து, நோடா வைரஸ் குடும்பம் என்று கண்டார்கள். நோடமுரா என்பது ஜப்பானில் ஓர் ஊர். 1956இல் அங்கே கொசுவில் கண்ட வைரஸால் வந்த பெயர். 'முரா' என்றால் கிராமம்.

இந்தியாவில் கொடுவாக் குஞ்சுகளில் இந்த நோய் பற்றிய முதல் அறிக்கை 2005இல் வந்தது. மூளையிலும் விழித்திரையிலும் திசு ஓட்டை ஓட்டையாகிவிடும். கண் தெரியாமல், நிலை கொள்ளாமல் குஞ்சு சுழலும். மருந்து கிடையாது.

வைரஸை ஆராய வேண்டுமானால் அதை வளர்க்க உயிருள்ள செல் வேண்டும். 2006இல் இந்தியாவின் முதல் கடல்மீன் செல் வரிசையை, கொடுவாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து, குடுவையில் வளர்த்துக் காட்டியவர்கள் வேலூர்ப் பக்கம் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியின் பேராசிரியர் சாகுல் ஹமீது குழுவினர். கடலே இல்லாத, தோல் பதனிடும் ஊர்! வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் தனிச் சந்தோஷம்.

பிழைத்த மீன் நோயைச் சுமந்துகொண்டே வளரும். வெளியே ஒன்றும் தெரியாது. அதன் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகலாம். சென்னை நிறுவனம் நோடாவாக்-ஆர் என்ற தடுப்பூசி செய்திருக்கிறது. ஆனால் எறும்பளவு குஞ்சுக்கு ஊசி போட முடியுமா? தாய்மீனைச் சோதிப்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எனவே அவனிடம் சொன்னேன்: "எல மக்கா, தப்பு உன் தண்ணியில மட்டும்னு நினைக்காத. குஞ்சு வாங்கும்போதே சோதனைச் சீட்டு கேளு." தொட்டியைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறான். சீட்டு தருகிற இடமாகத் தேடுகிறான். தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.