வயல்மாவும் வாளைமீனும்

உவமை என்பது இரு பொருள்களுக்கு இடையிலான ஒப்புமை என்று பொதுவாகக் கருதுகிறோம். சங்க அகப்பாடல்களில் வழங்கிய உள்ளுறை உவமம் அதற்கு மேலும் ஒன்றைக் காட்டுகிறது: யார் சொல்கிறார், கேட்பவர் எதை அறிவார் என்பவையும் சேர்ந்தே பொருளைப் பிறப்பிக்கின்றன. தொல்காப்பியம் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. உள்ளுறைக்கோ தெய்வம் நீங்கிய கருப்பொருள்களையே களமாகத் தருகிறது. தலைவி தான் அறிந்ததைக் கொண்டே கூற வேண்டும். தோழி தன் நிலத்துப் பொருளைத் தாண்டக் கூடாது. உள்ளுறை வெறும் அலங்காரமாக இருந்திருந்தால், சொல்பவரின் அறிவுக்கு இப்படி வரம்பு கட்ட வேண்டியதில்லை.

ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை 8ஆம் பாடலில் வெளிப்படை, உள்ளுறை என இருவகை உவமமும் உண்டு. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட, தலைவனின் காதற்பரத்தை, தலைவியின் தோழியர் காதில் விழும்படி பேசுகிறாள். தலைவன் மனைவிமுன் கண்ணாடிப் பாவைபோல ஆடுகிறான் என்பது வெளிப்படை, எவருக்கும் விளங்கும். வயலோர மாமரத்திலிருந்து தானே உதிரும் பழத்தை வாளைமீன் கவ்வும் ஊருக்கு உரியவன் அவன் என்பதோ உள்ளுறை. ‘நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனே வந்தான்’ என்ற மறுப்பு அந்த ஊர் வருணனைக்குள் இருக்கிறது.

இது பிற்கால உரையாசிரியர்கள் ஏற்றிய பொருள்தானே என்று கேட்கலாம். பேசுபவர் யாரென்று சொல்லும் துறைக்குறிப்பு தொகுத்தவர்களுடையதாக இருக்கலாம், குறுந்தொகையின் பழைய உரையும் நமக்குக் கிடைக்கவில்லை, 1937இல் உ.வே.சாமிநாதையர் வெளியிட்ட பதிப்பின் உரை அவரே எழுதியது. ஆனால் தன் வீட்டையும் ‘அவன் மகனின் தாய்’ வீட்டையும் பாட்டே பிரித்துப் பேசுவதால், பேசுபவள் யார் என்பது குறிப்பில்லாமலே தெரிகிறது. பொருள் பாட்டிலேயே இருக்கிறதென்றால், உள்ளுறை வெறும் குறியீட்டு ஒப்பந்தம்தானா? ஒப்பந்தக் குறி யார் வாயில் வந்தாலும் ஒரே பொருள் தரும். இதே காட்சியைத் தலைவி சொல்லியிருந்தால், பிறர் மரத்துப் பழத்தைக் கவ்விய மீனைப் பற்றிய குற்றச்சாட்டாகிவிடும்.

12ஆம் நூற்றாண்டில் தண்டியலங்காரம், வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவி, 35 பொருளணிகளை வகுத்தது. உருவகம் தனி அணியாயிற்று. அணிகளை இனம்பிரித்துக் கற்பிக்க அந்த முறை பெரிதும் உதவியது. அதில் உள்ளுறைக்கு நெருக்கமான ஒட்டணியும் உண்டு. ஆயினும் ஓர் அணியை ஒரு செய்யுளில் சுட்டிக்காட்டிவிடலாம். உள்ளுறையைச் சுட்ட திணை, கூற்று, கேட்போர் மூன்றும் வேண்டும். உவமை எப்படிப் பொருள் தருகிறது என்பதற்கு அணிப் பட்டியலைவிடத் தொல்காப்பியத்தின் அந்தக் கூற்று விதிகளே நெருக்கமான விடை.